வீட்டு வைஃபையும் குடும்பத்தின் பொதுப் பெட்டகமும்



கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்கும் நாட்களில் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடப்பது இது. பிள்ளை போனை நீட்டும். "மார்க் ஷீட் இதுல இருக்கு மாமா." திறந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் மூன்று பேர் கைமாறி வந்த படமாக இருக்கும். பெயர் தெரியும், பதிவு எண் தெரியாது. முதலில் எடுத்த படம் எங்கே என்று கேட்டால், "உம்மா போன்ல எடுத்தது, அந்த போன் தண்ணில விழுந்துடுச்சு" என்று பதில் வரும். விதவை உதவித்தொகைக்கு வரும் சகோதரிகளும் இப்படித்தான். கணவரின் இறப்புச் சான்று மகனின் போனில் இருக்கிறது, மகன் சபுரில் இருக்கிறார்.

மற்றவர்களைச் சொல்வானேன், என் வீட்டிலேயே நடந்தது. என் உம்மா வஃபாத்தாவதற்கு முந்திய இரண்டு வருடமும் ரியாத்தில் இருக்கும் என் தம்பிக்கு என் துணைவியாரின் போனிலிருந்துதான் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். சாப்பிட்டியா, தொழுதியா, சம்பளம் வந்துச்சா என்று எல்லாம் சின்னச் சின்னப் பதிவுகள். அந்தப் போன் பழுதானபோது ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடிந்ததாம். தம்பியிடம் இருக்குமே என்று கேட்டால், அவர் புதுப் போன் வாங்கியபோது பழைய உரையாடல்களை மாற்றிக்கொள்ளவில்லை. லாத்தா மகளின் போனில் ஒரே ஒரு பதிவு கிடைத்தது. அதுவும் மீன் வாங்கி வரச் சொன்னது.

அதற்குப் பிறகு மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டதை, கணினி படிக்காதவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். வைஃபை வீட்டின் முற்றம் போன்றது, இன்டர்நெட் தெரு. நடுவே நிற்கும் ரவுட்டர்தான் தலைவாசல். தெருவில் போக்குவரத்து நின்றாலும் முற்றத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடக்கலாம் அல்லவா? அதுபோல நெட் கட்டானாலும், மாதத்தின் டேட்டா தீர்ந்தாலும், உங்கள் போனிலிருந்து வீட்டில் இருக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்குப் படங்களை அனுப்ப முடியும். அதற்குக் காசும் இல்லை, வெளியாள் யாருடைய கணினியும் இடையில் இல்லை. இன்று பல வீடுகளில் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டதால் ரவுட்டர் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. அதை யூடியூப் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறோம்.

அது எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேபிள் போட வந்த பையனுக்கு எது வசதியோ அந்த மூலையில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். பக்கத்திலேயே இரும்பு பீரோ இருக்கும். இரும்பும், கனத்த பழைய சுவரும், கான்கிரீட் தளமும், தண்ணீர்த் தொட்டியும் அலையைத் தின்றுவிடும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், மறைவில்லாமல் இருப்பது நல்லது. ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் இதே வரிசையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். பெரிய கோப்புகளை அனுப்பும்போது ரவுட்டர் இருக்கும் கூடத்துக்கு வந்து 5-இல் இணைந்துகொண்டால் போதும்.

மூன்று பெண்மக்களின் குடும்பமும் ஒரே வீட்டில், கீழும் மாடியுமாக இருந்தால் ஒரு ரவுட்டர் எட்டாது. கடையில் ரிப்பீட்டர் என்று ஒன்றைத் தருவார்கள். மலிவான ரிப்பீட்டர் கேட்ட அதே அலைவரிசையிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். அதைவிட, கீழிருந்து மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரை மாட்டுவது பல மடங்கு மேல். மாட்டும்போது அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாடியில் தனி வலை ஒன்று உருவாகி, கீழே இருக்கும் பெட்டகம் மாடிப் போன்களின் கண்ணுக்குப் படாமல் போகும். எங்கள் வீட்டில் இந்த ஒரு அமைப்பைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்தது பூட்டு. ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொல் உண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு. இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. கம்பெனி வைத்துத் தந்ததே கிடக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் அதைத் தட்டினால் உள்ளே போகலாம். அங்கே இந்த வேலைகளை முடியுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள்; டபிள்யூ.இ.பி. என்று பழையது இருந்தால் அது பூட்டே இல்லை. டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான் முறையை அணைத்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல்லாக வீட்டுப் பெயரையோ போன் எண்ணையோ வைக்காதீர்கள்.

விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் தண்ணீருக்கு முன்னால் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. கொடுக்காமல் இருப்பது நம் பழக்கம் இல்லை. அதற்காகவே ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்பவருக்கு இன்டர்நெட் கிடைக்கும்; வீட்டின் டிஸ்க்கும் கணினியும் தெரியாது. திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பது போலத்தான். வீட்டுக்குள் பொதுப் பெட்டகம் வைக்கப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். அண்டை வீட்டாருக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

இப்போது பெட்டகத்துக்கு வருவோம். இதற்கு மூன்று வழி இருக்கிறது.

எளியது, ரவுட்டரின் பின்னால் யூ.எஸ்.பி. துளை இருந்தால் அதில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகுவது. ரவுட்டர் அமைப்பில் யூ.எஸ்.பி. என்ற பகுதிக்குள் 'சம்பா' அல்லது 'ஃபைல் ஷேரிங்' என்று இருக்கும். அதை இயக்கி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் வீட்டில் எல்லாப் போனிலும் அந்த டிஸ்க் தெரியும். பென்டிரைவ் வேண்டாம், இடைவிடாமல் எழுதுவதற்கு அது செய்யப்படவில்லை. சின்ன அளவு டிஸ்க் யூ.எஸ்.பி. மூலமே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். டிஸ்க்கை எந்த முறையில் ஃபார்மேட் செய்வது என்பதையும் கவனியுங்கள். ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. ஸ்டுடியோக்காரர் தந்த நிக்காஹ் வீடியோ பாதியில் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ்., உங்கள் ரவுட்டர் எதைப் படிக்குமோ அதை வையுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். புது டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள்.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு. பழைய ரவுட்டர்கள் எஸ்.எம்.பி.1 என்ற பழைய மொழியில்தான் கோப்பு கொடுக்கும். 2017-க்குப் பிந்திய விண்டோஸ் அதை ஏற்க மறுக்கும். "இந்த அமைப்பை ஆன் பண்ணினால் வேலை செய்யும்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த எஸ்.எம்.பி.1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கிருமி உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. உங்கள் ரவுட்டர் இப்படிப்பட்டது என்றால் அடுத்த வழிக்குப் போங்கள்.

அடுத்த வழி, பரணில் கிடக்கும் பழைய லேப்டாப். பேட்டரி போய், திரையில் கோடு விழுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் டிஸ்க்கை மாட்டி, ரவுட்டரோடு கேபிளால் இணைத்து, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். தூங்கிப்போகாதபடி மின் அமைப்பை மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் 'ஓப்பன்மீடியாவால்ட்' என்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். இதற்கென்றே செய்யப்பட்ட லினக்ஸ் அது. எங்கள் வீட்டில் இருப்பது இதுதான். லேப்டாப்பின் விலை பூஜ்யம், டிஸ்க்கின் விலை சில ஆயிரம்.

மூன்றாவது, நாஸ் என்று விற்கும் தனிப் பெட்டி. சினாலஜி, க்யூநாப் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதும்படி வைக்கலாம். போனில் எடுத்த படங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தானாக ஏறும் வசதியும் வரும். விலை அதிகம். கூட்டுக் குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தாங்கும். ஒரு சின்னக் குடும்பத்துக்கு அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எதை வைத்தாலும், ரவுட்டரில் அந்தப் பெட்டகத்துக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50 என்று. இல்லையென்றால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் எண் மாறி, "நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல" என்று வீட்டில் புகார் வரும். பிறகு ஐபோனில் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் சர்வரோடு இணைக்கும் வழி வரும். 2019-இல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எஸ்.எம்.பி. படிக்கத் தெரிந்த ஃபைல் மேனேஜர் செயலி ஒன்று வேண்டும். விண்டோஸில் ஃபோல்டர் திறந்து மேலே முகவரி இடத்தில், பின்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு போட்டு இந்த எண்ணைத் தட்ட வேண்டும். ஒரு முறை செய்துவிட்டால் அடுத்த முறை நினைவில் இருக்கும்.

முதல் நாள் பொறுமை தேவை. 100 மெகாபிட் கேபிள் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தராது. நடைமுறையில் 10 என்று வையுங்கள். 64 ஜி.பி. நிறைந்த ஒரு போனைக் காலி செய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இஷாவுக்குப் பிறகு சார்ஜில் போட்டு அனுப்பத் தொடங்குங்கள். போனிலிருந்து உடனே அழித்துவிடாதீர்கள். பெட்டகத்தில் நாலு படம், இரண்டு வீடியோ திறந்து பார்த்த பிறகு அழியுங்கள். வாட்ஸ்அப் வழியாக வாங்கிச் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் போய்விடும். பத்து வருடம் கழித்து இது எந்தப் பெருநாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

கூகுளில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் எண்ணிக்கையில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. மெயில், படம், கோப்பு எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் நகலும் இப்போது அதற்குள்ளேயே கணக்காகிறது. நிறைந்த பிறகு அது புதிதாக எதையும் ஏற்பதில்லை. எச்சரிக்கை வந்திருக்கும், நாம் தள்ளிவிட்டிருப்போம்.

பெட்டகத்துக்குள் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குடும்பத்தின் நிம்மதி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுப்பது தவறு. நம் வீட்டுப் பெண்கள் தமக்குள் எடுத்துக்கொண்ட படங்கள் மச்சானோ கொழுந்தனோ பார்க்கும் இடத்தில் கிடக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு தனி ஃபோல்டர். பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. ஆவணங்களுக்கு ஒன்று, அதில் எழுதும் அதிகாரம் இரண்டு பேருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். சிறு பிள்ளைகளின் கணக்கில் அழிக்கும் அதிகாரம் வேண்டாம். டிவியில் படம் பார்க்க டி.எல்.என்.ஏ. என்ற வசதி இருக்கும். அது பொதுவாகக் கடவுச்சொல் கேட்காது. அந்த வைஃபையில் இருக்கும் எவருக்கும் காட்டிவிடும். டிவிக்கென்று தனி ஃபோல்டரை மட்டும் அதற்குத் திறந்துவிடுங்கள். இதை நாங்கள் தெரியாமல் விட்டு, கல்யாண வீட்டுக்கு வந்திருந்தவர்கள் முன்னால் டிவியில் படங்கள் ஓட ஆரம்பித்து, என் மருமகள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

கடைக்குப் போனைக் கொடுக்கும் முன் படங்களைப் பெட்டகத்தில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துக் கொடுக்கலாம் என்பதே பல சகோதரிகளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

ஆவண ஃபோல்டரில் எதை வைப்பது? ஆதாரும், ஓட்டுநர் உரிமமும், பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் அரசின் டிஜிலாக்கரில் கிடைக்கின்றன, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காதவைதான் முக்கியம். பழைய நிலப்பத்திரம், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவு நகல், மஹர் விவரம், வாப்பாவின் பழைய பாஸ்போர்ட், கம்பெனி ஒப்பந்தம், மருத்துவ ஏடுகள், யாருக்கு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்ற கணக்கு. போனில் அவசரமாக எடுக்காமல் ஸ்கேனரில் 300 டி.பி.ஐ. அளவில் எடுத்து, கோப்பின் பெயரிலேயே ஆள், ஆவணம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

பெட்டகம் வைத்தாயிற்று, இனி கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும், சொல்லிக்கொண்டு நிற்காது. இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் நாஸ் வைத்திருப்பவருக்கும் இதே பேச்சுத்தான்: ஒன்றில் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு, 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நமக்கு இது எப்படி வரும்? போன் அல்லது கணினியில் ஒன்று, பெட்டகத்தில் ஒன்று, மாதம் ஒரு முறை மட்டும் மாட்டி நகல் எடுத்துக் கழற்றிவிடும் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. அந்த மூன்றாவதை அடுத்த தெருவில் லாத்தா வீட்டுப் பீரோவில் வையுங்கள், கடவுச்சொல் போட்டுப் பூட்டி. கழற்றி வைத்திருப்பதில் இன்னொரு பயன்: கணினியில் கிருமி புகுந்து பகிர்ந்த கோப்புகளையெல்லாம் பூட்டினாலும் அது எட்டாது.

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி என்பதை நான் வலியுறுத்தக் காரணம் 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தரைத்தளத்தில் இருந்த பீரோவின் அடித்தட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டகத்தையும் முடிந்தால் மாடியில் வையுங்கள். கீழே என்றால் பரண் உயரத்தில்.

மின்வெட்டு அடுத்த எதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போனால் கோப்பு கெடும், சில நேரம் டிஸ்க்கே கெடும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். ரவுட்டரையும் அதில் செருகிய சின்ன டிஸ்க்கையும் பொதுவாகத் தாங்கும். லேப்டாப் வைப்பவர்கள் பேட்டரி நல்லதாக இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள்.

சபுரில் இருக்கும் பிள்ளைகள், "அங்கிருந்தே பெட்டகத்தைத் திறக்கணும்" என்று கேட்பார்கள். ரவுட்டரில் 'போர்ட்' திறந்துவிட்டால் வரும் என்று சிலர் வழி சொல்வார்கள். அது தலைவாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவது. நன்றாகத் தெரிந்தவர் அமைத்துத் தராதவரை அந்தப் பக்கம் போக வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய படங்களை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, என் வீட்டில் நடந்த இன்னொரு தவறு. எல்லாவற்றையும் அமைத்த மருமகன் தோஹாவுக்குப் போய்விட்டார். மூன்றாம் மாதம் ரவுட்டர் மக்கர் செய்தபோது நிர்வாகக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அவரும் மறந்திருந்தார். ஊசியால் குத்தி ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் ரவுட்டர் எண், பெட்டக முகவரி, நிர்வாகக் கடவுச்சொற்கள், டிஸ்க் வாங்கிய தேதி, கடைசியாக நகல் எடுத்த நாள் எல்லாம் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். மாதம் ஒரு நாள் பேரன் ஒரு கோப்பைச் சொல்வான், நான் அதை மூன்றாவது டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். திறக்கவில்லை என்றால் அந்த மாதம் நகல் எடுக்கவில்லை என்று பொருள்.

நம் டிரஸ்ட் அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆவணங்களைக் கொண்டு வந்து இலவசமாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். பென்டிரைவ் நீங்களே கொண்டு வரவும். அலுவலகக் கணினியில் யாருடைய நகலும் வைத்துக்கொள்ளப்படாது. உங்கள் முன்னிலையிலேயே அழித்துக் காட்டப்படும். சகோதரிகள் வருவதானால் முன்கூட்டிச் சொன்னால் அன்று பெண் தன்னார்வலர் ஒருவர் இருப்பார்.